கைத்தாங்கல்

அந்த ஆளுக்கு ஏழரை என்று பெயர் வைத்தது அவள்தான்.

வேலை நாட்களில் காலை ஏழரை மணி ஆனால் போதும், ஆள் அவள் நிறுவனத்தின் கைபேசி விளையாட்டுக்குள் வந்துவிடுவார். ஒரு நிமிடம் முன்னே போனதில்லை, பின்னே போனதில்லை. யார், என்ன, எந்த ஊர் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. திரையில் ஒன்பது இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண் எப்போது வருகிறது, விரல் எங்கே படுகிறது, எங்கே தயங்குகிறது, எப்போது போகிறது என்ற விவரம் இருக்கும். அவ்வளவுதான் ஏழரை.

“ஊர்ல எல்லாருக்கும் ஏழரை எப்ப விடும்னு கவலை. நமக்கு மட்டும்தான் ஏழரை விட்டுட்டுப் போயிடுமோன்னு கவலை” என்பாள் பக்கத்து இருக்கைக்காரி. ஆடுகிறவர்களின் விவரங்களை நாள் முழுக்க உற்றுப் பார்ப்பது அவள் வேலை. அதனால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மேலாளருக்கு மீசை என்று பெயர். அவருக்கு மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்தது, அடையாள அட்டையில் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஏழரைக்குப் பெயர் வைத்த அவளுடைய வேலை, ஆடுகிறவர்களுக்கு அன்றாடம் ஒரு பணி கொடுப்பது. அதை முடித்த கையோடு, நாளைக்கும் வந்தாக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வைப்பது. முதல் பாதியை யாரும் செய்துவிடலாம். இரண்டாவது பாதிக்குத்தான் சம்பளம். வளர்ந்த மனிதர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் வேலை என்று சொல்லி அவள் கணவன் அவளை டீச்சர் என்று கூப்பிடுவான்.

விளையாட்டின் பெயர் பாசிமணிக் கடை. ஒரு தெருமுனை, ஒரு சின்னக் கடை, அதில் ஒரு கடைக்காரம்மா. ஆடுகிறவர் அங்கே வேலைக்குப் போகிறார். காலையில் கடைக்காரம்மா நாற்பது மணிகளைக் கொட்டி, நிறம் பார்த்து நூலில் கோக்கச் சொல்வாள். தொண்ணூறு நொடிக்குள் கோத்துவிட்டால் அன்றைய கூலியாக ஒரு மணி கிடைக்கும். அது ஆடுகிறவரின் சொந்த மாலையில் சேரும். நூறு நாள் வந்தால் நூறு மணி. ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் நூல் அறுந்துவிடும். அத்தனை மணியும் தெருவில் சிதறி ஓடும். கடைக்காரம்மா மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அந்தச் சிதறும் ஓசைக்காக அவள் அலுவலகச் சமையலறையின் கல்தரையில் நிஜ மணிகளைக் கொட்டிக் கொட்டி மூன்று வாரம் பதிவு செய்தாள். ஓசை சரியாக அமைந்த நாளில் மீசை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “குனிஞ்சு பொறுக்கணும்னு தோணுதும்மா. இதுதான் வேணும்” என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கணவனிடம் சத்தியம் வாங்கினாள்.

“என்னங்க, நம்ம வீட்ல இதை யாரும் தொடக்கூடாது.”

“வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. அதுல யாரும்னா நான்தானே. ஏன், டீச்சர் சமையலை டீச்சர் வீட்ல சாப்பிட மாட்டாங்களா?”

“இது அந்த மாதிரி சமையல் இல்ல.”

“சரி, தொடலை” என்றான்.

பின்னால் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஏழரை என்பது அவள் கணவன்தான். அவளை ஏற்றிக்கொண்டு அலுவலகப் பேருந்து ஏழேகாலுக்குத் தெருமுனையைத் தாண்டும். அதன்பிறகு அவன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கும் பழைய கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவான். அந்தக் காலை நேரத்துக்குள் மாட்டிக்கொண்டது ஒரு மாலையோ நானூறு மணிகளோ மட்டுமல்ல. அவனுடைய வலது கையும் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

அவன் பல் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, ஊசி போன்ற கத்தியால் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்குவான். மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தாடை வலிக்கும். அவன் செதுக்கிய பல்லுக்கு அப்படிப் புகார் வந்ததே இல்லை என்று பதினாறு வருடமாகப் பேர். கல்யாணமான புதிதில் அவளுடைய முன்பல் ஓரம் உடைந்தபோது அவனே செய்து கொடுத்தான். “உன் சிரிப்புல கால் பங்கு என்னோடது, ஞாபகம் வெச்சுக்கோ” என்று இன்றைக்கும் சொல்வான்.

அவன் அதை ஆடத் தொடங்கி ஏழு மாதம் ஆனபோது ஒரு நாள் மெழுகுக் கத்தி விரல்களிலிருந்து தானாக நழுவி விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. யாரிடமும் சொல்லாமல் மருத்துவரிடம் போனான். வருடக்கணக்காகக் குனிந்தே வேலை செய்த கழுத்து. உள்ளே எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை லேசாக அழுத்துவதை மருத்துவர் ஸ்கேன் படத்தில் காட்டினார்.

“இப்போதைக்கு ஆபரேஷன் அவசியம் இல்ல. சில பேருக்கு இப்படியே வருஷக்கணக்கா நிக்கும். ஆனா கையைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. நேத்து பண்ண அதே வேலைக்கு இன்னைக்கு அதிக நேரம் ஆகுதுன்னா, அன்னைக்கே வாங்க. தள்ளிப் போட்டுட்டு வந்தா, போனது போனதுதான். திரும்பாது” என்றார்.

அந்த வாரம்தான் அவளைப் பணி எழுதும் பிரிவுக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பாதி தூங்கிவிடுவாள். இப்போது போய் இதைச் சொல்வானேன், கை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவன் வாயை மூடிக்கொண்டான். கவனிக்கத்தான் ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. அது அவன் கையிலேயே இருந்தது. தினமும் அதே நாற்பது மணி, அதே தொண்ணூறு நொடி. வீட்டில் இதைவிட நல்ல தராசு ஏது. அவன் எழுபது நொடியில் கோத்துவிடுவான். என்றைக்குத் தொண்ணூறைத் தாண்டுகிறதோ, அன்றைக்கே மருத்துவரிடம் போவது என்று தனக்குள் முடிவு செய்துகொண்டான்.

நேரத்துக்குள் முடிந்துவிட்டால் கடைக்காரம்மா சொல்வாள்: “கை நேத்து மாதிரியே ஓடுதே.”

அந்த வரியை எழுதியதும் அவள்தான்.

*

மூன்று மாதம் கழித்து அலுவலகத்தில் ஒரு சிக்கல் வந்தது. முந்நூறு நாளுக்கு மேல் மாலை வைத்திருந்தவர்களில் சிலர் திடீர் திடீரென்று நின்றுபோனார்கள். நூல் அறுந்தும் அழவில்லை, திட்டிக் கடிதம் எழுதவில்லை, திரும்பியும் வரவில்லை. பூதக்கண்ணாடி பத்து நாள் கிளறி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

“நின்னு போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் விரல் மெதுவாகுது. ஒரு மாசம், ரெண்டு மாசம் முன்னாடியே. எழுபது செகண்டு எண்பதாகுது, அப்புறம் எண்பத்தஞ்சு. தொண்ணூறைத் தாண்டித் தோத்தாங்கன்னா ஒரு வாரத்துல ஆள் காலி.”

“போரடிக்குது அவங்களுக்கு” என்றார் மீசை.

அவளும் தலையாட்டினாள். அந்த அறையில் எல்லோருமே தலையாட்டினார்கள். விரல் மெதுவானால் சலிப்பு என்று வெள்ளைப் பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார்கள். விரல் மெதுவாக வேறு காரணமும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் விரலைத்தான். விரலுக்குப் பின்னால் ஒரு கை உண்டு, கைக்குப் பின்னால் ஒரு கழுத்து உண்டு என்பது அவர்கள் வேலையில் சேர்ந்ததில்லை.

தீர்வைச் சொன்னதும் அவள்தான். மெதுவாகிறவர்களை மெதுவாகிறோம் என்று உணரவே விடக்கூடாது. மணியின் துளையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதாக்கலாம். விரல் பக்கத்தில் வந்தாலே மணி தானாக நூலில் ஏறிக்கொள்ளட்டும். அதுவும் போதாவிட்டால் திரையில் ஓடும் கடிகாரத்தைக் கொஞ்சம் இழுத்துவிடலாம். அவர்களுடைய ஒரு நொடி, நிஜத்தில் ஒன்றேகால் நொடியாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

“தெரியாதா?” என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

“கோக்கறவங்க மணியைத்தான் பார்ப்பாங்க. கடிகாரத்தை முடிச்சதும் ஒரு தடவை பார்ப்பாங்க. அவ்வளவுதான்.”

“இதுக்கு என்னம்மா பேர் வைக்கலாம்?” என்றார் மீசை.

நடக்க முடியாதவரைத் தோளுக்கடியில் கைகொடுத்துக் கூட்டிப் போவதுபோல் இருக்கட்டும் என்று அவள் கைத்தாங்கல் என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது கணவனிடமே சொன்னாள். “இன்னைக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன். கைத்தாங்கல்னு பேர். பிரமாதமா வந்திருக்கு.”

“அப்படின்னா?”

“ஆபீஸ் விஷயம். வெளியில சொல்லக்கூடாது.”

“நான் வெளியிலயா?” என்று சிரித்துவிட்டு அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். அவன் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவன் கேட்டிருப்பான். அதற்குள் மீசையிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கைத்தாங்கல் நன்றாகவே வேலை செய்தது. நின்றுபோகும் ஆட்கள் பாதியாகக் குறைந்தார்கள். அது முதல் முதலில் தாங்கிப் பிடித்தவர்களில் ஏழரையும் ஒருவர்.

“ஏழரைக்குக்கூடப் போரடிக்குது போல” என்றாள் பூதக்கண்ணாடி. “ரெண்டு வாரமா கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகுது. ஆனா இந்த ஆளு ஒரு புதிர். ஞாயித்துக்கிழமை மட்டும் காலையில அஞ்சரைக்கே வந்துட்டுப் போறாரு.”

“ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி வீட்ல இருப்பா. அவ எழுந்திரிக்கறதுக்குள்ள ஒளிஞ்சு ஆடறாரு” என்று அவள் சொல்ல, மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.



ஏழரையைப் பிடித்து வைக்க அவள் தனியாகவே சில வரிகள் எழுதினாள். கூட்டத்தில் பேசுவதுபோல் இல்லாமல் ஒருவரிடம் மட்டும் பேசுவதுபோல் இருக்க வேண்டும். “சாப்டீங்களா? முகம் வாடியிருக்கே.” “நீங்க வர்ற வரைக்கும் கடையைத் திறக்கவே மனசு வரலை.” “மத்தவங்க கோத்தா மணி மணியாத்தான் இருக்கும். நீங்க கோத்தா மாலையாயிடுது.” இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவள் யோசித்ததில்லை. கல்யாணமான முதல் இரண்டு வருடத்தில் அவள் அவனிடம் பேசிய பேச்சு அது. வீட்டில் இப்போது அந்தப் பேச்சு இல்லை. சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, நாளைக்குப் பார்க்கலாம், இவ்வளவுதான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்கத்தான் முதலில் அந்த விளையாட்டுக்குள்ளேயே போனான். மணி கோத்ததெல்லாம் அப்புறம்தான்.

ஐந்து மாதம் ஓடியது. கைத்தாங்கல் அவன் கடிகாரத்தை ஒன்றேகால் நொடியிலிருந்து ஒன்றரைக்கு இழுத்தது, பிறகு ஒன்றே முக்காலுக்கு, கடைசியில் இரண்டுக்கு. திரையில் எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்து நான்கு என்றே காட்டியது. கடைக்காரம்மா சலிக்காமல் சொன்னாள், கை நேத்து மாதிரியே ஓடுதே.

பட்டறையில் அவன் செய்த பற்கள் திரும்பி வரத் தொடங்கின. கண்ணாடிப் பவர் மாறியிருக்கும் என்று நினைத்து மாற்றினான். கையெழுத்து கோணியது. பேனா சரியில்லை என்றான். தேநீர்க் கோப்பை ஒன்று உடைந்தது, இன்னொன்றும் உடைந்தது. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பாத்திரம் உடைக்கற சண்டையா” என்று அவள் கேட்டாள். “சண்டை போட உனக்கு எங்க நேரம்? அதான் நானே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடறேன்” என்றான். அவனுக்குப் பயம் வராமல் இல்லை. ஆனால் பயம் வரும்போதெல்லாம் அவன் தராசைப் பார்த்தான். தராசு நேராக நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அவன் நீலச் சட்டையைத் திறந்தபடியே வந்தான்.

“டீச்சர், இன்னைக்கு எனக்கு ராஜ மரியாதை வேணும். பட்டன் போட்டு விடு.”

“பஸ் வந்துடும்.”

“வரட்டும். ராஜாவுக்காக ஒரு நிமிஷம் நிக்காதா?”

அவள் அவசர அவசரமாக ஐந்து பித்தான்களையும் போட்டுவிட்டு, காலரை இழுத்து நேராக்கிவிட்டு ஓடினாள். அவன் அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை.

*

பத்தரை மணிக்கு வாரக் கூட்டம். பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஒரு அதிசயம். நம்ம ஏழரை வாயைத் திறந்துட்டாரு. இத்தனை நாள்ல முதல் கடிதம்.”

ஆடுகிறவர்கள் கடைக்காரம்மாவுக்கு எழுத ஒரு பெட்டி உண்டு. பூதக்கண்ணாடி படித்தாள்.

“கடைக்காரம்மா, கை நேற்று மாதிரியே ஓடுகிறது என்று நீங்கள் தினமும் சொல்கிறீர்கள். இன்றைக்கும் சொன்னீர்கள். ஆனால் இன்று காலை என்னால் ஒரு பித்தான்கூடப் போட முடியவில்லை. மெழுகுக் கத்தியை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். எனக்கு ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்கள். நிஜமாகவே எண்பத்து நான்கு நொடிதான் ஆனதா?”

“யாருப்பா இது, கடிகாரத்தையே சந்தேகப்படறாரு” என்றார் மீசை. “விஷயம் வெளியில போயிடப் போகுது. பதில் போயிடுச்சா?”

“தானா போற பதில் போயிருக்கு.”

என்ன பதில் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு மனப்பாடம். கடைக்காரம்மாவின் எல்லாப் பதில்களையும் போல அதையும் அவளே எழுதியிருந்தாள். என் கண்ணு பொய் சொல்லாது. உங்க கைக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கும் வாங்க.

அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். ஐந்து பித்தான். நீலச் சட்டை. மெழுகுக் கத்தி.

“நிஜ நேரம் எவ்வளவு?” என்று கேட்டாள். குரல் யாருடையதோ போல் இருந்தது.

பூதக்கண்ணாடி விசைகளைத் தட்டினாள். “நூத்தி அறுபத்தெட்டு.” பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏய், என்னாச்சு உனக்கு?”

“ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்கு நான் தூங்கிட்டு இருப்பேன்” என்றாள் அவள்.

மீசைக்கு முதலில் புரியவில்லை. பூதக்கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. அவள் கடைசி எட்டு மாதத்துக்கான நிஜ நேரத்தையும் ஒரே கோடாக வரைந்து அச்செடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஒருவருடைய விவரத்தை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோனால் வேலை போகும். மீசை அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“நான் எதையும் பார்க்கலை. போம்மா” என்றார்.

பட்டறையில் அவன் தனியாக இருந்தான். எதிரே சுண்ணாம்பு அச்சில் யாருடைய தாடையோ வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கத்தியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கையை மேசைக்கு அடியில் இறக்கினான்.

“என்ன டீச்சர், இந்த நேரத்துல? ஸ்கூல் லீவா?”

அவள் தாளை விரித்து அவன் முன்னால் வைத்தாள். கோடு மூன்று மாதம் தரையோடு தரையாகப் போய், பிறகு படிக்கட்டு போல ஏறியிருந்தது.

“நூத்தி அறுபத்தெட்டு செகண்டுங்க. இன்னைக்கு.”

அவன் கத்தியைப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்தான். “அந்தம்மா எண்பத்து நாலுன்னாங்களே.”

“அந்தக் கடிகாரத்தை இழுத்தது நான்தான். கைத்தாங்கல்னு சொன்னேனே, அது இதுதான். மெதுவாகறவங்களுக்குத் தெரியாம இருக்கறதுக்கு.” அவள் நிறுத்தாமல் பேசினாள், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பட்டது. “உங்களுக்குன்னு தெரியாது. ஆனா உங்களுக்குத்தான் முதல்ல போட்டேன்.”

“கடைக்காரி நீதான்னு எனக்கு முதல் நாளே தெரியும். உன் பேச்சு எனக்குத் தெரியாதா? அதான் நம்பினேன். வேற எவளாவது சொல்லியிருந்தா ஒரு கடிகாரத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்திருப்பேன்” என்றான்.

அவன் மருத்துவர் சொன்னதை அப்போதுதான் சொன்னான். சொல்லி முடித்தபோது அவள் அந்தச் சுண்ணாம்புத் தாடைக்குப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைத் தொடவில்லை. எழுந்தபோது வலது கால் லேசாக இழுத்தது. அவள் ஓடிப்போய்த் தோளுக்கடியில் கை கொடுத்தாள்.

*

மருத்துவர் புதிய படத்தைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“எத்தனையோ பேரை இந்த வியாதியோட பார்த்திருக்கேன். ஒரு நாள் விடாம இவ்வளவு சுத்தமா யாரும் அளந்து வெச்சதில்ல.” கோடு ஏறத் தொடங்கிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். “இது எப்ப?”

“அஞ்சு மாசம் முன்னாடி.”

“கொஞ்சம் மெதுவானப்பவே, இந்த இடத்துல வந்திருக்கலாமே. ஏன் வரலை?”

அவன் அவளைப் பார்த்தான், அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். மருத்துவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இனிமேல் போகாமல் தடுக்கலாம், போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மறுவாரமே அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தின் பின்னால் அரைச் சாண் நீளத்துக்குத் தையல். கண் விழித்த பிறகு அவன் தாதியிடம் பேசினான், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசினான், அவருடைய பல் செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குறைகூடச் சொன்னான். அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்குக் கண்ணைத் திறந்து, “மாலை அறுந்திருக்குமா?” என்று கேட்டான்.

“ம்.”

“எத்தனை இருந்துச்சு தெரியுமா? நானூத்தி அறுபது.”

“சத்தம் கேட்டீங்களா?”

“போனைத் திறக்கவே இல்ல” என்றான். “அதையும் நீதானே பண்ணியிருப்பே. நல்லாத்தான் இருக்கும்.”

அவள் வேலைக்குத் திரும்பத்தான் வேண்டியிருந்தது. பட்டறையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். முதல் நாளே மீசையின் அறைக்குப் போய்க் கைத்தாங்கலை எடுத்துவிடச் சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், தண்ணீர் கொடுத்தார்.

“நாம மருத்துவக் கருவி எதுவும் விக்கலையேம்மா. விளையாட்டுதானே. அதை எடுத்தா பாதிப் பேரு போயிடுவாங்க. நம்ம ஆட்கள்ல பாதிப் பேரும் அவங்களோட போக வேண்டி வரும்.”

“அந்த மெதுவாகற லிஸ்ட்ல எத்தனை பேரு இருக்காங்க சார்?”

“ஏன் அதெல்லாம் இப்ப.”

பூதக்கண்ணாடி பிறகு அவளிடம் சொன்னாள். பதினோராயிரத்துச் சொச்சம். எல்லோருக்கும் கழுத்து அழுத்தாது. சிலருக்கு நிஜமாகவே சலிப்பாக இருக்கும், சிலருக்கு வயதாகியிருக்கும். யாருக்கு எது என்று அந்த எண்களுக்குள் போய்ப் பார்க்க வழியில்லை, பார்க்கவும் கூடாது. அவளால் முடிந்தது ஒன்றுதான். “கை நேத்து மாதிரியே ஓடுதே” என்ற வரியை எடுத்துவிட்டாள். அதற்கும் மீசை முதலில் யோசித்தார். அந்த இடத்தில் வேறு ஏதாவது போடச் சொன்னார். அவள் “நாளைக்குப் பார்ப்போம்” என்று எழுதினாள். கடிகாரங்கள் இழுபட்டுக்கொண்டுதான் இருந்தன.

வீட்டில் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. மருத்துவர் சொல்லிக் கொடுத்தது. காலை ஏழு மணிக்கு அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டுவான். பத்து நொடிக்குள் எத்தனை தடவை விரல்களை முழுக்க மடக்கி முழுக்க விரிக்க முடிகிறது என்று அவள் எண்ண வேண்டும். நல்ல கை இருபது தடவை செய்யும். ஆறு வாரத்தில் அவன் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வந்த அன்று காபியைச் சிந்தாமல் குடித்துக்காட்டினான். கத்தி பிடிக்கக் குறைந்தது பதினேழாவது வேண்டும் என்று அவனே ஒரு எல்லை வைத்திருந்தான்.

அன்றைக்கு அவள் சமையலறைச் சுவரிலிருந்து கழற்றிய கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஆரம்பிங்க.”

விரல்கள் மடங்கின, விரிந்தன. சுண்டு விரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் தாமதமாகக் கிளம்பியது. எட்டு, ஒன்பது. முள் கடைசிக் கோட்டை நெருங்கும்போது பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதற்குக் கை பாதி மூடியிருந்தது, முள் தாண்டிவிட்டது.

“எத்தனை?”

அவள் வாய் வரைக்கும் பன்னிரண்டு வந்துவிட்டது. பாதி மூடியதுதானே, ஒரு இம்மிதானே, கேட்டால் முகம் மலருமே. அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதினொண்ணு” என்றாள்.

“நேத்து பன்னெண்டு.”

“ஆமா. நேத்து பன்னெண்டு.”

அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். ரேகை பார்ப்பவன்போல வெகுநேரம் பார்த்தான். பிறகு நாற்காலி முதுகில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து முதல் பித்தானைப் பிடித்தான். அது வழுக்கியது. மறுபடி பிடித்தான். அவள் கை தானாக முன்னே நீண்டது.

“வேணாம்” என்றான். “நேரத்தைப் பாரு.”

அவள் கையை மடக்கிக் கடிகாரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கீழே தெருமுனையில் அலுவலகப் பேருந்து வந்து நின்றது. இரண்டு தடவை ஒலி எழுப்பியது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவன் இன்னும் இரண்டாவது பித்தானில் இருந்தான்.